அவரைக் கேட்பார்களா?

நேரடி நிகழ்ச்சியில் உவமை சொல்லாதீர்கள். புதிதாக மைக்குக்கு முன்னால் வந்திருக்கும் உங்களுக்கு என்னால் சொல்லக்கூடிய உருப்படியான புத்தி இது ஒன்றுதான். எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது, குரலை எங்கே இறக்குவது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். என்னைவிட உங்களுக்கு அது சீக்கிரமே வரும். கைக்கு வராத சில விசயங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதில் நான் கெட்டிக்காரனாக வரமாட்டேன். கெட்டிக்காரனாக வரும் கதைகளை எல்லாம் கலியாண வீடுகளில் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. எங்கள் வானொலி நிலையம் அப்போது ரொறன்ரோவில், மில்லிக்கன் பக்கத்தில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்தது. கீழே பலசரக்குக் கடை. கருவாடு வந்து இறங்கும் நாளில் செய்தி வாசிப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசிப்பார். எங்கள் ஒலிபரப்பு சாதாரண வானொலியில் வராது. அதற்கென்றே தனிப் பெட்டி ஒன்று வாங்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பெட்டி என்பதால் சனம் அதை அணைப்பதே இல்லை. காலையில் சமைக்கும்போது குசினியில் போட்டால் அது நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டே இருக்கும். ஒரு வீட்டில் மூன்று குடும்பங்கள் இருந்த காலம் அது. மேலே இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் பேஸ்மென்டில் இருந்தவர்களும் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்டார்கள். மைக்குக்கு முன்னால் இருப்பவன் இதை ஒருபோதும் மறக்கக்கூடாது. அந்தச் சனிக்கிழமை நான் மறந்தேன்.

சனிக்கிழமைகளில் காலை பதினொரு மணிக்கு விளையாட்டு நிகழ்ச்சி. அதை நடத்தியவர் வேலை மாறி ஒட்டாவாவுக்குப் போய்விட்டார். கிரிக்கெட் பற்றி இரண்டு தடவை வாய் ஓயாமல் கதைத்த குற்றத்துக்காக நிகழ்ச்சியை என் தலையில் கட்டினார்கள். கூடைப்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், பந்து கூடைக்குள் போனால் நல்லது என்பதுதான். ஆனால் அந்த வருடங்களில் ரொறன்ரோவில் அந்த விளையாட்டிலிருந்து தப்ப முடியாது. நகரத்துக்குப் புதிதாக ஓர் அணி வந்திருந்தது. வெல்வதை விடத் தோற்பதுதான் அதிகம். அதில் ஒரேயொரு நட்சத்திரம். எங்கள் பிள்ளைகள் அந்த ஒருவருக்காகத்தான் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தியிருந்தார்கள். அவருடைய பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு கதை அடிபட்டது. அந்த நட்சத்திரத்தை வேறு ஓர் அணிக்கு ட்ரேட் பண்ணப் போகிறார்களாம். காரணம் எளிது. அவருடைய ஒப்பந்தம் முடியப் போகிறது. முடிந்தபின் அவர் தன் விருப்பத்துக்குப் போனால் எங்கள் அணிக்கு ஒன்றும் மிஞ்சாது. இப்போதே கொடுத்தால் பதிலுக்கு இரண்டு மூன்று இளம் ஆட்டக்காரர்கள் கிடைப்பார்கள். இதற்கு எதிர்ப்பக்க நியாயமும் இருந்தது. இருக்கிற ஒரே ஆளையும் கொடுத்துவிட்டு மைதானத்துக்கு யாரைப் பார்க்க வரச் சொல்வது? ஆங்கிலப் பத்திரிகைகள் எல்லாம் இதைத்தான் மென்றுகொண்டிருந்தன. எங்கள் நேயர்களிடமும் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். கணக்குப் பார்த்தால் கொடுப்பதுதான் சரி என்பது என் கட்சி. இன்றைக்கும் அதே கட்சிதான். அதில் எனக்கு ஒரு மனமாற்றமும் வரவில்லை.

நிகழ்ச்சி தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஒரு வயதான நேயர் எடுத்தார்.

"தம்பி, உந்த ட்ரேட் எண்டால் என்ன? விக்கிறதோ? மனிசரை விக்கலாமோ?"

"விக்கிறதில்லை ஐயா. ஆளுக்கு ஆள் மாத்துறது."

"அதென்ன மாத்துறது? கடையில சாமான் மாத்திற மாதிரியோ?"

அந்த நேரத்தில் எனக்கு அந்த உவமை வந்தது. வந்தபோது என்னைப் போல ஒரு அறிவாளி ரொறன்ரோவில் இல்லை என்றுதான் நினைத்தேன்.

"ஐயா, எங்கடை மாத்துச் சம்மந்தம் மாதிரி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. நாங்கள் ஒராளைக் குடுக்கிறம், அவையள் ஒராளைத் தருகினம். ரெண்டு பக்கமும் சரியெண்டால் காரியம் முடிஞ்சுது."

"அட, அப்பிடிச் சொல்லும்!" என்றார் அவர். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

இங்கே பிறந்த உங்களில் சிலருக்கு மாற்றுச் சம்பந்தம் தெரியாமல் இருக்கலாம். ஒரு வீட்டு அண்ணனுக்கு இன்னொரு வீட்டுப் பெண்ணைக் கேட்கும்போது, அந்த வீட்டார் தங்கள் மகனுக்கு இந்த வீட்டுத் தங்கையைக் கேட்பார்கள். இரண்டு கலியாணமும் ஒன்றோடு ஒன்று கட்டப்பட்டிருக்கும். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். ஊரில் இது சாதாரண வழக்கம். விமானம் ஏறி இங்கேயும் வந்திருந்தது.

உவமை பிடித்துக்கொண்டது. ஐந்து தொலைபேசி இணைப்பும் எரியத் தொடங்கின. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து அழைப்புகளை எடுக்கும் சுகந்தி, யார் எந்த இணைப்பில் நிற்கிறார்கள் என்று துண்டுக் கடதாசியில் எழுதிக் காட்டுவார். அன்றைக்கு எழுத நேரமில்லாமல் விரலைத்தான் காட்டினார்.

றிச்மண்ட் ஹில்லில் இருந்து ஒரு அங்கிள்: "உதில யோசிக்க என்ன கிடக்கு? போகப்போற பெடியனைப் பிடிச்சு வைச்சிருந்து என்ன செய்யிறது? இப்பவே நல்ல இடத்தில குடுத்துப்போட்டு, அங்காலையிருந்து ரெண்டு பேரை எடுங்கோ. பொம்பிளை குடுத்துப் பொம்பிளை எடுக்கிற ஆக்களுக்கு உது தெரியாதே?"

மிசிசாகாவில் இருந்து ஒரு அக்கா: "போன கிழமைதான் மகனுக்கு அவற்றை நம்பர் போட்ட சட்டை வாங்கிக் குடுத்தனான். உவையள் இப்பிடிச் செய்தால் கடையில திருப்பி எடுப்பினமோ?"

"தோய்ச்சுப் போட்டீங்களோ அக்கா?"

"ஓம்."

"அப்ப அந்தச் சட்டையை ஒருதரும் ட்ரேட் பண்ண ஏலாது."

அந்த அக்கா சிரித்தார். சுகந்தி சிரித்தார். நானும் சிரித்தேன். நிகழ்ச்சி பிய்த்துக்கொண்டு போனது. அந்தச் சந்தோசத்தில்தான் அடுத்த அழைப்பை எடுத்தேன்.

"வணக்கம் அண்ணை. ஸ்காபரோவில இருந்து கதைக்கிறன். பேர் சொல்லேல்லை, பரவாயில்லையோ?"

இளம் பெண் குரல். அவருடைய குரலுக்குப் பின்னால் என் குரலே எனக்குக் கேட்டது.

"பரவாயில்லை தங்கச்சி. முதல்ல உங்கடை வானொலியைக் குறைச்சுப்போட்டுக் கதையுங்கோ."

"குறைக்கேலாது அண்ணை. அது கீழ குசினியில. அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறா."

பெயர் சொல்லாத ஒரு பெண் மேல்மாடியில் இருந்து கதைக்கிறாள், கீழே தாய் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இதைக் கேட்டதும் ஒரு ஒலிபரப்பாளனுக்குக் காது நிமிர வேண்டும். எனக்கு நிமிரவில்லை.

"சரி, கெதியாச் சொல்லுங்கோ. ஆளைக் குடுக்கலாமோ, வைச்சிருக்கலாமோ?"

"அதில்லை அண்ணை. எனக்கு ஒரு கேள்வி. அவரைக் கேப்பினமோ?"

"ஆரை?"

"அந்தப் பிளேயரை. குடுக்கிறதுக்கு முதல், உமக்கு விருப்பமோ எண்டு அவரைக் கேப்பினமோ?"

எனக்கு விடை தெரியாது. 'தெரியாது' என்று சொல்ல ஒரு விநாடி போதும். ஆனால் ஐந்து இணைப்பும் எரிந்துகொண்டிருக்கும்போது அந்த ஒரு விநாடி மிகவும் நீளம். அந்த இடத்தில் எல்லோருக்கும் வாய் முந்தும். உங்களுக்கும் முந்தும்.

"தங்கச்சி, மாத்துச் சம்மந்தத்தில பொம்பிளையை ஆர் கேட்டது? பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட வேண்டியதுதான்!"

"அவர் மாட்டன் எண்டால்?"

"மாட்டன் எண்டால் அங்காலையிருந்து வாற ஆளும் வராது. எல்லாம் குழம்பிப் போம். தன்ரை சொந்த அணிக்கு அவர் அப்பிடிச் செய்வாரே?"

குசினியில் இருந்து என் சிரிப்பு மட்டும் பிந்தி வந்து கேட்டது.

"ஓம். இஞ்சையும் அப்பிடித்தான் சொல்லினம்" என்றாள் அவள். "என்ரை அண்ணாவுக்குப் பேசின இடத்தில, தங்கடை மகனுக்கு என்னைக் கேட்டு வந்திருக்கினம். எல்லாரும் என்னைக் கேட்டு வருகினம் அண்ணை. ஆனா என்னை ஒருதரும் கேக்கேல்லை. நான் ஓம் எண்டால்தான் அண்ணாவுக்கு அந்த..."

சுகந்தி கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்று, வெட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் இணைப்பின் சத்தத்தை இறக்கி, "அன்பான நேயர்களே, ஒரு சிறிய இடைவேளை" என்றேன். முதல் விளம்பரம் கலியாணக் கூறைச்சேலைக் கடைக்காரருடையது. அதை நான் தெரிவு செய்யவில்லை. வரிசையில் அதுதான் நின்றது.

மூன்று விளம்பரம், ஏறக்குறைய இரண்டு நிமிடம். சுகந்தி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, அவ வைக்கேல்லை. ரெண்டில நிக்கிறா. நாலில ஒரு பெடியன். பேக்கரி ஒண்டில இருந்து எடுக்கிறான். இப்ப கதைச்சது தன்ரை தங்கச்சியாம். உடனை தன்னை எயாருக்குப் போடட்டாம்."

"குரல் எப்பிடி?"

"கொதியில நிக்கிறான் போல கிடக்கு."

உள்ளதைச் சொல்கிறேன். அவனை ஒலிபரப்பில் போட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது. தங்கை ஒரு இணைப்பில், அண்ணன் ஒரு இணைப்பில். ஸ்காபரோ முழுக்க அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் கேட்டிருக்கும். அப்படி ஒரு நிகழ்ச்சி எனக்கு அதற்கு முதலும் கிடைத்ததில்லை, பிறகும் கிடைக்கவில்லை. இந்தத் தொழிலில் அந்த எண்ணம் வராத ஆள் யாரும் இருப்பதாக நான் நம்பவில்லை. வந்தால் வெட்கப்படத் தேவையில்லை. அதை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

"பிறகு எடுக்கச் சொல்லும். எயாருக்குப் போடாதையும்" என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டு இரண்டாவது இணைப்பின் ரிசீவரை எடுத்தேன்.

"தங்கச்சி, நான்தான். இப்ப கதைக்கிறது ஒருதருக்கும் கேக்காது."

"தெரியும் அண்ணை. கீழ விளம்பரம் போகுது."

"நான் பகிடிக்குச் சொன்னது. பிழையாச் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"நீங்கள் என்ன செய்வியள்? எல்லாரும் சொல்லுறதைத்தானே சொன்னனீங்கள்."

அவள் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இது எனக்குச் சுட்டது. அவள் அவசரமாகச் சொல்லத் தொடங்கினாள்.

"அவரில ஒரு குறையும் இல்லை அண்ணை. நல்ல மனிசன் எண்டுதான் சொல்லினம். அண்ணாவுக்கு அந்த அக்காவில சரியான விருப்பம். அண்ணாதான் என்னையும் அம்மாவையும் இஞ்சை கூப்பிட்டவர். எங்களுக்காண்டி எத்தினை வருஷம் ரெண்டு வேலை செய்தவர். அவருக்காண்டி நான் என்னவும் செய்வன். ஒருக்கா, ஒரேயொருக்கா, 'உனக்கு விருப்பமோ' எண்டு கேட்டிருந்தாரெண்டால் நான் ஓம் எண்டிருப்பன். சத்தியமாச் சொல்லியிருப்பன் அண்ணை. நாளைக்குப் பின்னேரம் அவையள் முடிவு கேக்க வருகினம்."

"தங்கச்சி..."

"அம்மா படியேறி வாறா. வைக்கிறன்."

வைத்துவிட்டாள். நான்காவது இணைப்பும் அணைந்திருந்தது. விளம்பரம் முடியப் பத்து விநாடி இருந்தது.

மைக்கைத் திறந்து, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனேன். "நேயர்களே, சற்று முன்னர் ஒருவர் கேட்டார், கொடுப்பதற்கு முன் வீரரைக் கேட்பார்களா என்று. நான் விடை தெரியாமல் பதில் சொல்லிவிட்டேன். என்னுடைய பதில் பிழை. நான் சொன்ன உதாரணமும் பிழை. விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்றேன். இதை அவள் கேட்டாளா, அதற்குள் தாய் மேலே வந்துவிட்டாளா என்று தெரியாது.

ரக்சி ஓட்டும் ஒருவர் எடுத்தார். எங்கள் நேயர்களிலேயே கூடைப்பந்து உண்மையில் விளங்கிய ஒரே ஆள் அவர்தான்.

"சில ஆக்களின்ரை ஒப்பந்தத்தில, என்னைக் கேக்காமல் குடுக்கேலாது எண்டு ஒரு வரி எழுதியிருக்கும் அண்ணை. ஆனா உது பெரிய பெரிய ஆக்களுக்குத்தான். எல்லாருக்கும் குடுக்க மாட்டினம்."

"அப்ப மற்றவை?"

"மற்றவை போக வேண்டியதுதான். அதுக்குத்தானே அவ்வளவு சம்பளம்."

"சம்பளம் இல்லாட்டி?"

அவர் குழம்பிப் போனார். "சம்பளம் இல்லாமல் ஆர் அண்ணை விளையாடுறது?" என்றார்.

மிச்ச நேரத்தைப் பாட்டுப் போட்டு ஓட்டினேன்.

பன்னிரண்டரை இருக்கும். படியில் காலடிச் சத்தம் கேட்டது. சுகந்தி சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளைத் தொப்பியோடை ஒருத்தன் வாறான். கதவைப் பூட்டவா அண்ணை?" என்றார். பூட்டச் சொல்ல வாய் வந்தது. பூட்டினால் அவன் பிளாசா முழுக்கக் கேட்கக் கத்துவான் என்று நினைத்து விட்டுவிட்டேன். அதில் தைரியம் ஒன்றும் இல்லை.

முப்பது வயது இருக்கும். மெலிந்த ஆள். பேக்கரித் தொப்பியையும் கழற்றவில்லை, மேலே ஜக்கெட்டும் போடவில்லை. அந்தக் குளிரில் அப்படியே காரில் ஏறி வந்திருக்கிறான். நான் சண்டைக்குத் தயாராகக் கதிரையை விட்டு எழுந்தேன். அவன் சண்டைக்கு வரவில்லை. தொலைபேசியில் அவனுக்கு இருந்தது கோபமும் இல்லை. குரலை வைத்து ஆளை முடிவு செய்வது எங்கள் தொழில் வியாதி.

"அண்ணை, நீங்கள் வெட்டினாப்பிறகு அவ என்ன சொன்னவ?" என்றான்.

நான் தள்ளிவிட்ட கதிரையில் அவன் இருக்கவில்லை.

"என்னைப் பற்றி ஏதும் சொன்னவவோ? என்னில கோவமோ அவவுக்கு? எனக்கு ஒண்டும் தெரியாது அண்ணை. அம்மாதான் சொன்னவ, அவவுக்கு ஓமெண்டு. நான் அவ வாயால கேக்கேல்லை."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அந்த இடத்தில் எனக்கு அவனுடைய கேள்விக்கு விடை தெரியும். 'நீ கேட்டால் அவள் ஓம் என்பாள்' என்ற ஒரு வரி போதும். அவன் முகம் மலர்ந்து, என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போவான். நானும் பிராயச்சித்தம் செய்த திருப்தியோடு சாப்பிடப் போகலாம். சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்றால், வாயைத் திறந்தும் விட்டேன்.

ஆனால் ஒருவருக்கும் கேட்காது என்று நான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். மைக்கில் சொன்னது ஊருக்குச் சொந்தம். மைக்கை மூடியபின் சொன்னது சொன்னவருக்கு மட்டும் சொந்தம். எந்தச் சட்டப் புத்தகத்தில் இது இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

"அது அவ எனக்குச் சொன்னது. உம்மடை தங்கச்சிதானே. நீரே கேளும்" என்றேன்.

"என்னெண்டு அண்ணை கேக்கிறது?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. கட்டுக்கட்டாகப் பத்திரங்கள் நிரப்பி, வழக்கறிஞர்களிடம் அலைந்து, தாயையும் தங்கையையும் கடல் தாண்டிக் கூப்பிட்டவன். தங்கையிடம் ஒரு கேள்வி கேட்க வழி தெரியாமல் நின்றான். கேலிக்குச் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகியவர்கள் குறைவு. எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது, அந்த வசனத்தை ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர் அவள் வாயால் கேட்டிருக்காவிட்டால்.

"உனக்கு விருப்பமோ எண்டு கேளும். அவ்வளவுதான்."

"மாட்டன் எண்டு சொன்னால்?"

"என்ன சொல்லுவா எண்டு தெரியாமல்தான் கேக்க வேணும், தம்பி. தெரிஞ்சுகொண்டு கேட்டால் அதில என்ன கிடக்கு?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "நான் கட்டப்போற அந்தப் பிள்ளைக்குச் சொல்லு குடுத்திட்டன் அண்ணை. நாலு வருஷமா எனக்காண்டிக் காத்துக்கொண்டிருக்கிறா" என்றான். பிறகு படியிறங்கிப் போனான். அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நாளைக்கு அவன் கேட்பான், அவள் ஓம் என்பாள், இரண்டு கலியாணமும் நடக்கும், நான் வாயை மூடிக்கொண்டதில் யாருக்கும் லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை நிலையப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். மைக்குக்கு முன்னால் என்னை முதன்முதலாக இருத்தியவர் அவர்தான். அதிகம் பேசாத மனிதர். ஏச்சு விழும் என்று போனேன். அவர் மேசையில் கிடந்த பேனையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை கேட்டனான்" என்றார்.

"பிழைதான் அண்ணை. அந்த உதாரணத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது."

"நானும் மாத்துச் சம்மந்தம்தான். உமக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன்.

"இருவத்தாறு வருஷம். சனிக்கிழமையில இருந்து யோசிச்சுப் பாக்கிறன். என்ரை தங்கச்சியை ஆரும் கேட்டதா எனக்கு ஞாபகம் இல்லை."

"இப்ப எங்கை இருக்கிறா?"

"ஜேர்மனியில. நல்லாத்தான் இருக்கிறா." பேனையை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "அப்பிடித்தான் நினைக்கிறன்" என்றார்.

அவ்வளவுதான். ஏச்சு விழவில்லை. விளையாட்டு நிகழ்ச்சியும் என்னிடமே இருந்தது.

குளிர்காலம் முடிவதற்கு முன் அந்த நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அந்தச் சனிக்கிழமை நான் செய்தியைச் சொல்லி, செய்தது சரியா பிழையா என்று நேயர்களைக் கேட்டேன். உவமை ஒன்றும் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் சரி என்றார்கள். சிலர் அழாக்குறையாகக் கதைத்தார்கள். அரைவாசி நேரம் போனபின் சுகந்தி கதவைத் திறந்தார்.

"மூண்டில ஒரு பிள்ளை. எயாருக்கு வேண்டாமாம். உங்களோடை மட்டும் கதைக்க வேணுமாம்."

பாட்டொன்றைப் போட்டுவிட்டு ரிசீவரை எடுத்தேன். குரல் உடனே தெரிந்தது.

"அண்ணை, உங்களிட்டைச் சொல்ல வேணும் எண்டு கனநாளா நினைச்சனான். அண்டைக்கே அண்ணா என்னைக் கேட்டவர். அம்மாவுக்கு முன்னால வைச்சுக் கேட்டவர்."

"சந்தோசம் தங்கச்சி. அப்ப எப்ப கலியாணம்?"

பார்த்தீர்களா, இவ்வளவுக்குப் பிறகும் வாய் முந்துகிறது.

"இல்லை அண்ணை. நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

இந்த முறை வாயை முந்த விடவில்லை.

"கேட்டால் ஓம் எண்டு சொல்லுவன் எண்டுதான் நான் உங்களுக்குச் சொன்னனான். பொய் சொல்லேல்லை அண்ணை, அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். அண்ணா முன்னால வந்து நிண்டு கேட்டாப்பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது, விருப்பமில்லை எண்டு."

நான் அவனிடம் அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அவன் என்ன கேட்டிருப்பான், எப்படிக் கேட்டிருப்பான், அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அந்த நேரத்தில் நினைத்தேன். ரிசீவரை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"அண்ணாவின்ரை சம்மந்தம்?"

"குழம்பிப் போச்சு. அந்த அக்காவுக்கு வேற இடத்தில பேசி முடிச்சிட்டினம். வாற மாசம் கலியாணமாம்."

"அண்ணா?"

"என்னோடை கதைக்கிறேல்லை. வேலையால வந்து சாப்பிட்டுட்டுப் படுத்திடுவார். மூண்டு மாசமாகுது."

பாட்டு முடியப் போகிறது என்று சுகந்தி விரலைக் காட்டினார். வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"உமக்கு அவரில கோவமோ, தங்கச்சி?"

"என்னெண்டு அண்ணை கோவிக்கிறது?" என்றாள். "அவர் என்னைக் கேட்டவர்."